கட்டளைக்குள் ஒரு முகம்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். மாடிப்படியைக் கண்டால் மட்டும் அம்மாவின் முழங்கால் முரண்டு பிடிக்கிறது. உன் இருமல் விட்டதா? கிடங்கில் பஞ்சுத் தூசு பறக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்கிறாயா? இந்த இரண்டுக்கும் பதில் எழுதாமல் அடுத்த விஷயத்துக்குப் போகக் கூடாது. இது அம்மாவின் உத்தரவு.

"சினிமா கம்பெனியில் உட்கார்ந்து என்னதான் செய்கிறாய்?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். அம்மாவும் இதையேதான் கேட்கிறாள். அவளிடம் 'டைப் அடிக்கிறேன்' என்று சொல்லி முடித்துக்கொண்டேன். உனக்கு விளக்கமாகச் சொல்கிறேன்.

எங்கள் இயக்குநர் இன்னும் எடுக்காத ஒரு படத்துக்கு நான் ஸ்டில்கள் செய்கிறேன். கேமரா இல்லை, நடிகர்கள் இல்லை. கணினியில் ஓர் அரட்டை அறை, அதற்குள் ஒரு சாட் பாட். அதற்குப் பேச்சு வராது. எதைச் சொன்னாலும் படமாகத்தான் பதில் தரும். அதனால் ஆபீசில் அதற்கு ஊமையன் என்று பெயர். ஊமை கண்ட கனவை வெளியே எடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஒரு சாய்கோடு, அதை ஒட்டி 'காட்சி' என்ற சொல். பிறகு எங்கே, எப்போது, யார், என்ன செய்கிறார், முகம் எப்படி. இந்த வரிசை தப்பினால் ஊமையனுக்குக் குழப்பம் வந்துவிடும். வாக்கியம் முடிந்ததும் இரட்டைக் கோடுகள். இரட்டைக் கோடு போட்டு 'வேண்டாம்' என்று எழுதி எதைச் சொன்னாலும் அது படத்தில் வராது. 'முகம்' என்று எழுதி ஒரு புகைப்படத்தின் பெயரைக் கொடுத்தால் அந்த ஆளையே கொண்டுவந்து நிறுத்தும். ஒவ்வொரு படத்துக்கும் அது ஓர் எண் வைத்திருக்கிறது. அதே கட்டளையோடு அதே எண்ணையும் கொடுத்தால் ஒரு வருஷம் கழித்தும் அச்சு அசலாக அதே படம் வரும். கடைசியாக 'தனி'. அதைப் போட்டால் படம் நமக்கு மட்டும். போடாவிட்டால் அறையில் இருக்கிற ஆயிரக்கணக்கான பேரும் பார்க்கலாம், தேடலாம், எடுத்துக்கொண்டும் போகலாம். ஆனால் தனி என்று கேட்டால் வரிசையில் பின்னால் தள்ளிவிடும். பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும்.

எனக்கு ஒரே கஷ்டம்தான். நான் எதைச் சொன்னாலும் ஊமையன் அழகாகச் செய்துவிடுகிறான். இயக்குநர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அழகா இருக்கும்மா. ஆனா பொய்யா இருக்கு. யாரோ நெஜமா பாத்த மாதிரி ஒரு வரி எழுதேன்" என்கிறார். நான் எதைப் பார்த்திருக்கிறேன், அண்ணா? புத்தகத்தைப் பார்த்திருக்கிறேன். நீ அப்படி இல்லை. உன் கிடங்கு, அங்கே இருக்கிற மனிதர்கள், வெயில், எதுவானாலும் எழுது. அப்படியே உன் புகைப்படம் ஒன்றும் வை. அம்மா கேட்கிறாள்.

உன் பதிலுக்காகத் தபால்காரரை முறைத்துக்கொண்டிருக்கும்,
தங்கை

ஜனவரி 29

சுண்டெலிக்கு,

இருமல் விட்டது. துணி கட்டுகிறேன். அம்மாவின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாயிற்று. அவள் முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல். இனி விஷயத்துக்கு வரலாமா?

சின்ன வயதில் காகிதத்தைக் கண்டால் கொறித்துவைப்பாய். இப்போது அதற்குச் சம்பளமும் வாங்குகிறாய். சாய்கோடு போட்டுச் சொன்னதைக் கேட்டு நடக்கிற ஓர் ஆள் உனக்குக் கிடைத்திருக்கிறான் என்பதுதான் பொறாமையாக இருக்கிறது. எனக்கு வாய்த்த மேனேஜரும் ஊமையன்தான். படம்கூடத் தரமாட்டான்.

கிடங்கைப் பற்றிக் கேட்டாய். ஆளுயரத்துக்கு மெத்தைக் கட்டுகள், அதற்கு மேல் தகரக் கூரை. மூன்றாம் பிரிவில் கூரைக்கு அடியில் ஓடுகிற மின்கம்பி தோல் உரிந்து கிடக்கிறது. பின்கதவுக்குப் பூட்டு, சாவி மேனேஜர் மேசைக்குள். இதை மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். நேற்று எல்லார் முன்னாலும், "ஏன்யா, நீ ஸ்டோர் கீப்பரா, கதை எழுதுறவனா? மாசத்துக்கு ஒரு லெட்டர் போடுற" என்றான்.

"கதை எழுதுறது என் தங்கச்சி சார். நான் நடக்கப்போறத மட்டும்தான் எழுதுறேன்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள், மேனேஜரையும் சேர்த்து. நெட்டை மாமா மட்டும் சிரிக்கவில்லை. கட்டுத் தூக்குகிறவர், எங்கள் எல்லாருக்கும் மாமா. "விட்றாத மாப்ள. செவிடன் காதுல ஊதுனாலும் சங்கு சங்குதான்" என்றார்.

ஃபோனை வழக்கம்போல வாசல் அறை அலமாரியில் பூட்டிவைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் தருகிறார்கள். எனக்கொன்றும் நஷ்டமில்லை. வாயால் வராதது எனக்குக் கையால் வரும் என்று உனக்குத் தெரியுமே.

புகைப்படம் இதோடு இருக்கிறது. நெட்டை மாமா எடுத்தது, கிடங்கு கேட்டுக்கு முன்னால். நீ வாங்கிக் கொடுத்த பச்சைக் கோடு போட்ட சட்டைக்கு அன்றைக்குத்தான் பிறந்த பலன். போட்டு நின்ற அரைமணி நேரத்தில் மேல் பொத்தான் தெறித்துவிட்டது. மற்றபடி மாப்பிள்ளைக் களைதான் என்று அம்மாவிடம் சொல்.

அண்ணன்

பிப்ரவரி 17

சுண்டெலி,

நான் நன்றாக இருக்கிறேன். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இதை இரண்டு முறை படித்துவிட்டு மேலே படி.

போன வியாழக்கிழமை கிடங்கு எரிந்துபோயிற்று. அம்மாவிடம் சின்னத் தீ என்று சொல்லிவிடு.

சாப்பாட்டு நேரம், உச்சி வெயில். எல்லாரும் கொட்டகைப் பக்கம் போயிருந்தார்கள். குடிதண்ணீர்க் கேனை மாற்றுவதற்காக நான் கேட்டுப் பக்கம் வந்திருந்தேன். கையில் கேனோடு திரும்பினேன். புகை உடனே எழவில்லை. கூரைக்கு அடியில் பூனை மாதிரி படுத்துக் கிடந்தது. பிறகு மூன்றாம் பிரிவு ஜன்னல் வழியாக எழுந்து நின்றது. அந்தக் கம்பி இருந்த அதே இடம்.

பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னால் கதவைச் சாத்திக்கொள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரும் பார்க்காத ஒரு நிமிஷம், சந்தோஷமாக இருந்தது. 'சொன்னேனே, எரியட்டும், எல்லாம் எரியட்டும்' என்று மனசு சொல்லியது. கேனைக் கீழே வைக்கவில்லை. கத்தவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. நின்று பார்த்தேன். ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார், தெரியும்.

அப்புறம்தான் உள்ளே யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. நெட்டை மாமா. சாப்பிட்டதும் கட்டுகளுக்குப் பின்னால் தலைசாய்ப்பது அவர் வழக்கம். அது எனக்குத் தெரியும். அந்த ஒரு நிமிஷத்தில் அது என் நினைவிலேயே இல்லை. ஓடினேன். பின்கதவு பூட்டியிருந்ததால் முன்பக்கமாகவே தூக்கிக்கொண்டு வந்தேன். எல்லாரும் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

மாமாவுக்கு நுரையீரல் முழுக்கப் புகை. பிழைத்துவிடுவார், ஆனால் இனி கட்டுத் தூக்க முடியாதாம். "கொஞ்சம் முன்னாடி வெளிய வந்திருந்தா..." என்று டாக்டர் அவர் மகளிடம் சொல்ல ஆரம்பித்தார். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

இதை உன் ஒருத்தியிடம்தான் சொல்கிறேன். படித்துவிட்டு உள்ளே வைத்துப் பூட்டு.

அண்ணன்

மார்ச் 2

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம். நீ சரியாகத் தூங்குகிறாயா? அம்மாவிடம் சின்னத் தீ என்றுதான் சொன்னேன். நம்பினாளா என்று தெரியவில்லை.

நீ செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. மனசுக்குள் வருவதற்கெல்லாம் மனிதன் பொறுப்பாக முடியுமா? நீ ஓடினாய், தூக்கிக்கொண்டு வந்தாய். அதை நினைத்துக்கொள். அந்த இரண்டாம் பக்கத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. காட்ட மாட்டேன்.

இங்கே ஒரே ஒரு செய்தி. என் ஸ்டில் ஒன்றைப் பார்த்து இயக்குநர் முதல்முறையாக "இதுதாம்மா நெஜம்" என்றார். ஆபீசில் கைதட்டினார்கள். எந்தக் காட்சி என்று நேரில் வரும்போது சொல்கிறேன்.

நெட்டை மாமாவின் உடல்நிலை பற்றி எழுது. உன்னுடையதையும்.

தங்கை

மார்ச் 21

சுண்டெலி,

அம்மா எப்படி இருக்கிறாள்? நான் இருக்கும் இடம் அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் ஊர் வாயை மூட உலை மூடி கிடையாது. நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. நாலு நாளாகக் காவலில் இருக்கிறேன். கிடங்குக்குத் தீ வைத்தது நானாம்.

எங்கிருந்தோ ஒரு போட்டோ வந்திருக்கிறது. எல்லார் ஃபோனிலும் ஓடுகிறதாம். விசாரணை அதிகாரி அதைப் பெரிதாக அச்சிட்டு மேசையில் வைத்திருக்கிறார். கிடங்கு கேட்டு, உச்சி வெயில், பின்னால் புகை. கேனைப் பிடித்துக்கொண்டு நான். "வேல பாத்த எடம் எரியுது. இந்த மூஞ்சியோட நிக்கிற. என்னய்யா மூஞ்சி இது?" என்று கேட்டார். பக்கத்திலேயே என் மூன்று புகார்க் கடிதங்களும் இருக்கின்றன. "நடக்கப்போறத மட்டும்தான் எழுதுறேன்" என்று நான் சொன்னதை மேனேஜர் ஒரு சொல் விடாமல் வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். அன்றைக்கு எல்லார் ஃபோனும் பூட்டியிருந்தது. கேட்டுப் பக்கம் ஒரு குருவிகூட இல்லை. அப்படி ஒரு போட்டோவை யாரும் எடுத்திருக்க முடியாது. ஆனால் அது நான்தான். நான் நின்றபடிதான் இருக்கிறது.

இங்கே தபாலைப் பிரித்துப் படிப்பார்கள். இதைத் தொழிற்சங்கத்து வக்கீலம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். நீயும் அவர் வழியாகவே எழுது. நீ படங்களோடு பிழைக்கிறவள். அந்தப் படத்தைப் பார்த்து, எப்படி வந்திருக்கும் என்று சொல்.

அண்ணன்

மார்ச் 28

அன்புள்ள அண்ணா,

சாப்பாடு ஒழுங்காகத் தருகிறார்களா? மாற்றுத்துணியும் போர்வையும் வக்கீலம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

படத்தைப் பார்த்தேன். அது கேமராவில் எடுத்ததாக இருக்க முடியாது. இந்தக் காலத்தில் எதையும் செய்யலாம். ஒற்றைக் கதவு கேட்டுக்கு இரண்டு பக்கமும் கீல் இருக்கிறது, நிழல் ஒரு பக்கம் கம்மியாக இருக்கிறது. இதையெல்லாம் வக்கீலம்மாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். "யாரு செஞ்சாங்க, எதுல செஞ்சாங்கன்னு காட்டணும்மா. கீலு, நிழலுன்னா அதிகாரி சிரிப்பார்" என்கிறார். விசாரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரி அம்மாவிடம் ஃபோனை நீட்டிக் காட்டிவிட்டாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "படம் பொய்யின்னு நீ சொல்ற. இருக்கட்டும். ஆனா மூஞ்சி பொய்யில்லடி. இவனை அடிக்கிற வாத்தியார் பள்ளிக்கூட வாசல்ல வழுக்கி விழுந்தாரே, அன்னிக்கு இதே மூஞ்சியோடதான் வீட்டுக்கு வந்தான்" என்றாள்.

தைரியமாக இரு. எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

தங்கை

ஏப்ரல் 6

சுண்டெலிக்கு,

போர்வை வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

தினமும் கூப்பிட்டு அந்தப் படத்தின் முன்னால் உட்காரவைக்கிறார்கள். அதனால் நன்றாகவே பார்த்துவிட்டேன். தீப்பிடித்த அன்றைக்கு நான் கம்பெனிச் சட்டையில் இருந்தேன். படத்தில் இருப்பது பச்சைக் கோடு போட்ட சட்டை, மேல் பொத்தான் இல்லாதது. அதை நான் வாழ்நாளில் ஒரே ஒரு போட்டோவில்தான் போட்டிருக்கிறேன்.

முகமும் அப்படித்தான். அந்த முகத்தை நான் ஒரே ஒருத்தருக்குத்தான் காட்டினேன். அதுவும் காகிதத்தில்.

நான் எதையும் கேட்கவில்லை. நீ எழுது.

அண்ணன்

ஏப்ரல் 12

அண்ணா,

உடல்நலம் விசாரிக்க எனக்கு வாயில்லை.

நான்தான் செய்தேன்.

உன் கடிதம் வந்த அன்று அழுதேன். மறுநாள் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். தயாரிப்பாளர் கீழே காரை நிறுத்திக்கொண்டிருந்தார். மேலே வந்ததும் அவருக்கு ஒரு தீ விபத்துக் காட்சியைக் காட்ட வேண்டும். இயக்குநர் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் விரல்கள் தட்டியது இது:

/காட்சி கிடங்கு வாசல், உச்சி வெயில், கையில் கேனோடு ஒருவன், பின்னால் கூரைக்கு அடியில் பூனை மாதிரி படுத்துக் கிடக்கும் புகை, முகத்தில் யாரும் பார்க்காத ஒரு நிமிஷச் சந்தோஷம் --முகம் அண்ணன் --லென்ஸ் 50 --வேண்டாம் கூட்டம்

உன் புகைப்படத்தை 'அண்ணன்' என்ற பெயரில்தான் வைத்திருந்தேன். முகத்தை எடுக்கச் சொன்னால் ஊமையன் சட்டையையும் கேட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். தனி என்று போடவில்லை. பத்து நிமிஷம் இல்லை என்பதற்காகப் போடவில்லை. அரட்டை அறையில் இருந்த யாரோ அதை எடுத்து, கிடங்குத் தீயின் நிஜப் படம் என்று சுற்றவிட்டிருக்கிறார்கள்.

அவசரத்தில் செய்தேன் என்று எழுதினால் பாதிப் பொய். நல்ல வரி என்று தெரிந்தே தட்டினேன். கைதட்டினபோது எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

இன்னும் இருக்கிறது. மார்ச் 18 காலையில் பக்கத்து மேசைக்காரி, "பாரேன், எங்கயோ கிடங்க எரிச்ச ஆளாம்" என்று ஃபோனை நீட்டினாள். நான் கழிவறைக்குப் போய் உட்கார்ந்து யோசித்தேன். திரும்பி வந்து, அறையில் இருந்த அந்தக் கட்டளையை அழித்துவிட்டேன். அதோடு எண்ணும் போயிற்று. அழித்தால் படமும் போய்விடும் என்று எந்தப் புத்தி சொல்லிற்றோ. போனது நான் செய்ததற்கான ஆதாரம்தான். உன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே பொருளை நானே அழித்தேன்.

இப்போது இரண்டு வழி இருக்கிறது. ஒன்று உன் கடிதம். அதன் வரிகள்தான் கட்டளையில் இருக்கின்றன. படம் பிறப்பதற்கு முந்தின தபால் முத்திரையும் இருக்கிறது. வக்கீலம்மாவிடம் முதல் பக்கத்தை மட்டும் காட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டாம் பக்கம்?" என்றார். "வீட்ல தேடுறேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை.

இன்னொன்று எண். அந்த முகத்தை அடுத்த காட்சிகளிலும் வைத்துக்கொள்வதற்காக இயக்குநர் எண்ணைத் தன் நோட்டில் குறித்திருக்கிறார். கேட்டேன்.

"உங்கண்ணன் லெட்டர எடுத்துப் போடுன்னு நான் சொன்னேனாம்மா?"

"நெஜமா பாத்த மாதிரி எழுதச் சொன்னீங்க சார்."

"மாதிரின்னுதாம்மா சொன்னேன்."

எல்லாத் தவறும் என்னுடையது, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை, இன்றோடு விலகுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் எண் தருவதாகச் சொன்னார். போட்டுவிட்டேன். எண் என்னிடம் இருக்கிறது.

ஆனால் அதே படம் வர வேண்டுமென்றால் கட்டளை முழுதாக வேண்டும். அந்த ஒரு நிமிஷமும் அதில் இருக்கிறது. எந்த வழியில் போனாலும் அதை விசாரணை அதிகாரியின் மேசையில் வைத்துத்தான் ஆக வேண்டும். நீ சொல்லாமல் செய்ய மாட்டேன். போன முறை கேட்காமல் செய்துவிட்டேன்.

தங்கை

ஏப்ரல் 25

தங்கைக்கு,

'வேண்டாம்' என்று ஓர் இடம் இருப்பதாக நீதானே எழுதினாய்? அந்தச் சந்தோஷத்தை அதில் போடு. அது இல்லாமல் வருகிறதா என்று பார். வந்தால் காட்டு.

வராவிட்டால் உன் இஷ்டம்.

மே 20

அன்புள்ள அண்ணா,

நீ எப்படி இருக்கிறாய் என்று வக்கீலம்மாவிடம் கேட்டேன். "மெலிஞ்சுட்டாரு, பேச்சு கொறஞ்சுட்டுது" என்றார். அம்மாவும் நானும் இருக்கிறோம்.

நீ சொன்னபடி செய்துபார்த்தேன். அதே எண், அதே புகைப்படம். சந்தோஷத்தை எடுத்துவிட்டுத் தட்டினேன். கேட்டுப் பக்கம் ஒருவன் வாய் திறந்து, பயந்துபோய் நின்றான். 'வேண்டாம்' என்பதில் போட்டுத் தட்டினேன். அழுதுகொண்டு நின்றான். இரண்டுமே உன்னைப் போல இருந்தன, ஆனால் மேசையில் இருக்கிற படம் அவை அல்ல. ஒரு சொல் போனால் ஆளே வேறு. பதினாறு முறை முயன்றேன்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு விசாரணை அதிகாரியின் அறை. உன்னைக் கொண்டுவர மாட்டார்கள் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். வக்கீலம்மாவும் நானும் போனோம். மேசைமேல் அந்தப் படம், பக்கத்தில் கணினி. நான் உட்காரப் போனபோது, "நீங்க தொடாதீங்க. எங்காளு அடிப்பாரு. நீங்க சொல்லுங்க" என்றார். எழுத்தர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஒற்றை விரலில் தட்டுகிறவர்.

ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். கிடங்கு வாசல். உச்சி வெயில். "பூனை மாதிரியா?" என்று எழுத்தர் திரும்பிக் கேட்டார். "ஆமா, பூனை மாதிரி." அப்புறம் அந்த வரி. என் குரல் இறங்கிவிட்டது. "சத்தமா சொல்லும்மா, காதுல விழல" என்றார். யாரும் பார்க்காத ஒரு நிமிஷச் சந்தோஷம் என்று, கதவு திறந்திருந்த அந்த அறையில், உரக்கச் சொன்னேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் வந்தது வேறு யாரோ. அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வக்கீலம்மா என் முழங்கையைப் பிடித்தார். எழுத்தரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். எண்ணில் கடைசி இலக்கம் விடுபட்டிருந்தது. சேர்க்கச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, மாட்டி, சேர்த்தார். திரையில் சாம்பல் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. முதலில் கிடங்கு கேட்டு தெரிந்தது. பிறகு சட்டை. கடைசியில் முகம்.

அதிகாரி அச்சிட்ட படத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டு பக்கக் கீல், ஒரு பக்கம் கம்மியான நிழல், பொத்தான் இல்லாத இடம். ரொம்ப நேரம் பார்த்தார்.

"படம் நீங்க செஞ்சதுதான். ஒத்துக்கறேன்" என்றார். பிறகு திரையில் விரலை வைத்து, "இந்த வரி யாரோடது?" என்றார்.

வக்கீலம்மா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

"என்னோடது சார். எழுதுறதுதான் என் வேலை" என்றேன்.

"நல்லாத்தான் எழுதுறீங்க. அதான் இத்தன பேரு நம்பியிருக்கோம்" என்று சொல்லி ஃபைலை மூடினார்.

வராந்தாவில் வக்கீலம்மா, "லெட்டர் இனி தேவப்படாது. ரெண்டாம் பக்கத்தைத் தேடுறதயும் விட்டுடு" என்றார்.

இன்னும் இரண்டு வாரத்தில் நீ வெளியே வந்துவிடுவாய். என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அதற்கு இது இடமில்லை.

தங்கை

ஜூன் 9

தங்கைக்கு,

வெளியே வந்து ஐந்து நாளாகிறது. உடம்பு தேறிவருகிறது. மின்சாரப் பரிசோதனை அறிக்கையும் வந்துவிட்டது. தீ கம்பியில்தான் தொடங்கியதாம். மேனேஜர் இப்போது விசாரணை அறை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அதைப் பார்த்து எனக்கு எந்தச் சந்தோஷமும் வரவில்லை. அம்மாவிடம் நான் விரைவில் வருவதாகச் சொல்.

அந்த வரி உன்னுடையது என்று நீ சொன்னதை உன் கடிதத்தில் படித்தபோது முதலில் அப்பாடா என்றிருந்தது. நீ எனக்காகப் பொய் சொன்னாய். வேலையையும் விட்டாய். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வெளியே வந்ததும் நெட்டை மாமாவைப் பார்க்கப் போனேன். இருமலுக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் வரலன்னா நான் அங்கயே போயிருப்பேன் மாப்ள" என்றார். மறுநாளும் போனேன். மறுநாளும் அதையேதான் சொன்னார். அவர் மகள் எனக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறாள். அவர் நன்றி சொல்லச் சொல்ல, வாங்கி வைத்துக்கொண்டு எழுந்து வருகிறேன். மூன்று நாளாக இதுதான்.

வாயைத் திறந்தேன். வரவில்லை. எனக்கு வந்ததெல்லாம் கையால்தான் வந்தது. அதுவும் ஒரே ஒரு முறை. அதை நீ எடுத்து ஊமையனிடம் கொடுத்தாய். அப்புறம் எடுத்து உன்னுடையது என்று சொல்லிவிட்டாய். இரண்டு முறையும் என்னைக் கேட்கவில்லை. 'வராவிட்டால் உன் இஷ்டம்' என்று நான் எழுதியது கோபத்தில். அது கேட்டதாகாது.

அந்தக் கடிதத்தை அனுப்பு. இரண்டு பக்கமும். மாமாவிடம் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்திருக்கப்போகிறேன். அப்புறம் அவர் மகள் நாற்காலி போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

அண்ணன்

ஜூன் 13

அன்புள்ள அண்ணா,

உடம்பு தேறிவருவதாக நீ எழுதிய வரியை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். மற்றதை ஒரு முறை. அவளுக்கு எல்லாம் தெரியட்டும் என்றுதான் படித்தேன். நீ வேண்டாம் என்றிருப்பாயோ என்று பிறகுதான் தோன்றியது. இதைத்தான் நீ சொல்கிறாய் என்று புரிகிறது. இதற்கும் சேர்த்து என்னைத் திட்டிக்கொள்.

கேட்டுவிட்டு அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிறகு, "அந்த மனுஷனப் பாக்கப் போறப்ப வெறும் வயித்தோட போக வேணாம்னு எழுது" என்றாள்.

போகாதே என்று எழுத உட்கார்ந்தேன். மாமா தாங்குவாரா, அவர் மகள் என்ன நினைப்பாள், நடந்ததைச் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்றெல்லாம் நல்ல நல்ல வரிகளாகவே வந்தன. கிழித்துவிட்டேன்.

உன் புகைப்படத்தை ஊமையனிடமிருந்து எடுத்துவிட்டேன். கடிதம் இதோடு இருக்கிறது, இரண்டு பக்கமும். நகல் எடுத்துக்கொள்ளவில்லை.

தங்கை